வீட்டுப் புரொஜெக்டரில் தெளிவான படம்: சுவர் முதல் மெனு வரை முழுமையான வழிகாட்டி

சென்ற சித்திரையில், காவேரிப்பட்டணத்துக்கு அருகில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் புதிய புரொஜெக்டர் ஒன்று வந்தது. பொழுது சாய்வதற்குள்ளாகவே ஆவலோடு படத்தைப் போட்டார்கள். ஹாலில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. படம் வெளிறித் தெரிந்ததால் மெனுவுக்குள் போய் பிரைட்னஸை 100 வரை ஏற்றினார்கள். அதுவும் போதாமல் கான்ட்ராஸ்ட்டையும் கலரையும் கடைசி வரை தள்ளினார்கள். இரவுக் காட்சி ஒன்று வந்தபோது வானம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஆனது. நாயகனின் தலைமுடி எது, பின்னால் இருக்கும் கதவு எது என்று பிரித்தறிய முடியவில்லை. "இதுக்கு நம்ம டிவியே தேவலை போல இருக்குதே" என்றார் சித்தப்பா. நான் டியூப் லைட்டை அணைத்து, கதவைச் சாத்தி, பிரைட்னஸை 100-லிருந்து 48-க்கு இறக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. தலைமுடி தனியாகவும் கதவு தனியாகவும் வந்து நின்றன.

அன்று அந்த வீட்டில் நான் விளக்கிச் சொன்னவற்றை முறைப்படி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியதன் விளைவே இந்த வழிகாட்டி. ஐந்தாயிரம் ரூபாய்க் கருவியானாலும் லட்ச ரூபாய்க் கருவியானாலும், சரிசெய்யும் வரிசை ஒன்றுதான்: அறை, சுவர், இடம், ஃபோகஸ், படம் வரும் வழி, அதன் பிறகே மெனு. வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும்.

கருப்பு எங்கிருந்து வருகிறது

புரொஜெக்டரால் கருப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாது. அது வெளிச்சத்தை மட்டுமே அனுப்பும் கருவி. படத்தில் கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது தன் வெளிச்சத்தை இயன்றவரை மறைத்துக்கொள்கிறது. அப்போது அந்த இடத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது நம் வீட்டுச் சுவர்தான். புரொஜெக்டரைப் போடும் முன் அந்த அறையில் சுவர் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, அதைவிடக் கருப்பான கருப்பு உங்கள் படத்தில் வரவே வராது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் பின்தொடரும்.

கணக்காகவே பார்க்கலாம். 16:9 வடிவத்தில் 100 அங்குலப் படம் என்றால் ஏறத்தாழ 221 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் கொண்டது, பரப்பு 2.75 சதுர மீட்டர் அளவில் வரும். கருவியிலிருந்து மெய்யாகவே 400 லூமென் (பாய்ச்சும் மொத்த வெளிச்சத்தின் அளவு) வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரப்பில் விழும் வெளிச்சம் சுமார் 145 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). அறையின் டியூப் லைட் அதே சுவரில் 100 லக்ஸ் போடுகிறது என்றால், படத்தின் மிக வெளுப்பான இடம் 245 லக்ஸ், மிகக் கருப்பான இடம் 100 லக்ஸ். வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையில் இரண்டரை மடங்கு வேறுபாடுகூட இல்லாத படத்தை எந்த மெனுவாலும் காப்பாற்ற முடியாது. அதே 400 லூமெனை முழு இருட்டில் பாய்ச்சினால், பளபளப்பில்லாத வெள்ளைத் திரையில் வெள்ளையின் ஒளிர்வு 46 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிர்வின் அளவு) அளவுக்கு வரும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தரநிலை வெள்ளைக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட். அதாவது, இருட்டான அறையில் 400 லூமென் திரையரங்குக்கு ஈடாக நிற்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பெட்டியின் மேல் 9,000 லூமென், 12,000 லூமென் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுத்துச் சொல்வது ஆன்சி லூமென். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணுக்கும் இந்த அளவுக்கும் தொடர்பே இருப்பதில்லை. ஆன்சி அளவில் அவை 150, 200 என்று நிற்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் "ஆன்சி எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் படி, அறையை இருட்டாக்குவது. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, கதவின் அடியில் ஒரு சாக்கு, செட்டாப் பாக்ஸின் நீல விளக்கின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். நம் வீடுகளில் பலரும் மறந்துவிடும் இடம் வென்டிலேட்டர். தெருவிளக்கு நேராக அதன் வழியாகத்தான் சுவரில் விழும். பெரியவர்கள் நடமாட வெளிச்சம் வேண்டும் என்றால், திரைக்கு எதிர்ப்புறம், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுப் பக்கம், தரையை நோக்கிய சிறிய மஞ்சள் விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

சுவரைப் பார்க்காமல் மெனுவைத் தொட வேண்டாம்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்போடு நீலம் கலப்பது வழக்கம். பகலில் சுவர் பளிச்சென்று தெரிய அது உதவும். ஆனால் அந்தச் சுவரில் படம் போட்டால் முகங்களில் நீலம் ஏறும். மெனுவில் நீலத்தைக் குறைத்துச் சமாளிக்க முயல்வதைவிட, படம் விழும் பரப்பை மட்டும் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை மேட் எமல்ஷனை இரண்டு கோட் அடித்துவிடுவது மேல். எனாமல் போன்ற பளபளப்பான பெயின்ட் கூடாது. படத்தின் நடுவில் ஒரு ஒளிப்பொட்டு எப்போதும் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும். பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறத்தைத் திரையாகக் கட்டுபவர்களுக்கும் இதே தொல்லைதான்.

சுவர் தயாரானதும், படத்தின் நான்கு ஓரங்களிலும் இரண்டு அல்லது மூன்று அங்குல அகலத்தில் கருப்பு வெல்வெட் துணியைச் சட்டம்போல் ஒட்டுங்கள். ஓரத்தில் உண்மையான கருப்பு ஒன்று இருந்தால் உள்ளே இருக்கும் படத்தின் நிறங்கள் ஆழமாகத் தெரியும். மேலும், பக்கச் சுவர்கள் இளஞ்சிவப்பாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால், திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் அவற்றில் பட்டு அந்த நிறத்தோடு மறுபடி திரைக்கே வந்து சேரும். படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் பக்கச் சுவரில் அடர்நிறப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வேறுபாட்டைக் கண்ணால் காணலாம்.

எவ்வளவு பெரிய படம், எங்கே கருவி

பெரிய படம் வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் 80 அங்குலத்தை 120 அங்குலமாக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அதே வெளிச்சம் அத்தனை பரப்பிலும் பரவ வேண்டியிருப்பதால் படம் பாதிக்கும் கீழாக மங்கிவிடும். 200 ஆன்சி லூமென் கருவிக்கு 80 அங்குலம் போதும் என்பது என் கருத்து. அந்த அளவில் வெள்ளை 36 நிட் அளவுக்காவது வரும். 120-க்குப் போனால் 16-க்கு இறங்கிவிடும்.

கருவியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கு, அதன் கையேட்டில் உள்ள த்ரோ ரேஷியோ என்ற எண் உதவும். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். எண் 1.3 என்றால், 177 செ.மீ. அகலமுள்ள 80 அங்குலப் படத்துக்கு 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இது தாராளமாக அடங்கும்.

அடுத்து மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு நாள் இரவல் வாங்கிக் கருவியின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். மேசை தளர்வாக இருந்தால் காலுக்கு அடியில் அட்டை கொடுத்து மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கருவியின் முகம் சுவருக்கு நேராக இருக்கிறதா என்பதை அறிய, கருவியின் இடது முன்மூலையிலிருந்தும் வலது முன்மூலையிலிருந்தும் சுவர் வரை டேப் பிடித்து அளந்தால் போதும்; இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும்.

உயரம் கருவிக்குக் கருவி மாறும். பல டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படத்தை உருவாக்கும்) கருவிகளில் படத்தின் அடி ஓரத்துக்குச் சமமான உயரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். விலை குறைந்த எல்சிடி கருவிகள் சிலவற்றில் படத்தின் நடுமட்டத்துக்கே லென்ஸ் வர வேண்டியிருக்கும். கருவியைச் சாய்க்காமல் மட்டமாக வைத்துப் படம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே இது விளங்கிவிடும்.

கீஸ்டோன் எனும் கடைசி வழி

கருவியை மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரியும். அதை நேராக்கத்தான் கீஸ்டோன் வசதி. அது லென்ஸை நகர்த்துவதில்லை. படத்தையே கணினி முறையில் நசுக்கி, கருவிக்குள் படத்தை உருவாக்கும் பேனலில் உள்ள புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. 1920×1080 பேனலில் 20 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. காசு கொடுத்து வாங்கிய அந்தப் புள்ளிகளை வீணாக்க வேண்டியதில்லை. அதோடு, நசுக்கிய படத்தில் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். பயன்படாத பகுதி முழுக் கருப்பாக இல்லாமல், படத்தைச் சுற்றிச் சாம்பல் நிற நிழலாகச் சுவரில் தெரிந்துகொண்டும் இருக்கும். லென்ஸ் ஷிஃப்ட் வசதி இருந்தால் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அங்கே கண்ணாடிதான் நகர்கிறது, புள்ளி எதுவும் இழப்பாவதில்லை. மற்றவர்கள் இடத்தை மாற்றியே படத்தை நேராக்கப் பாருங்கள். வேறு வழியே இல்லாதபோது கீஸ்டோனைச் சிறிதளவு தொடலாம். தானியங்கிக் கீஸ்டோன் இருந்தால் நிறுவிய பிறகு அதை அணைத்துவிடுங்கள். யாராவது மேசையைத் தட்டும்போதெல்லாம் அது படத்தை மாற்றி அமைக்கும்.

ஃபோகஸை, கருவி சூடான பிறகுதான் சரிசெய்ய வேண்டும். போட்டவுடன் திருகிவைத்தால், இருபது நிமிடத்தில் உள்ளே வெப்பம் ஏறி லென்ஸ் அமைப்பு நுட்பமாக விரிவதால் கூர்மை நழுவிவிடும். இருபது அல்லது முப்பது நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றைப் போட்டு, கீழே ஓடும் எழுத்துகளைக் கவனியுங்கள். 'ன' எழுத்தின் இரண்டு சுழியும் 'ண' எழுத்தின் மூன்று சுழியும் உட்கார்ந்த இடத்திலிருந்து பிரிந்து தெரிகின்றனவா? எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி வட்டமாக இருக்கிறதா, கலங்கிய பொட்டாக இருக்கிறதா? என் அனுபவத்தில் இதைவிடச் சிறந்த ஃபோகஸ் சோதனை நமக்குக் கிடையாது. விலை குறைந்த கருவிகளில் நடுவும் நான்கு மூலைகளும் ஒருசேரக் கூர்மையாவது அரிது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட ஒரு புள்ளியில் கூர்மையை நிறுத்துங்கள். இழப்பு எங்கும் பெரிதாகத் தெரியாது.

படம் வரும் வழி

மோசமான படத்துக்குக் கருவியைக் குறை சொல்லும் முன், அதற்குள் என்ன போகிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயர் மூலம் இணைத்திருந்தால், 576 வரிகளுக்கு மேல் எதுவும் வராது. ஹெச்டி பாக்ஸும் ஹெச்டிஎம்ஐ கேபிளும் போட்டு, பாக்ஸின் மெனுவிலும் அவுட்புட்டை 1080 என்று மாற்ற வேண்டும். பல வீடுகளில் கேபிளை மாற்றியவர்கள் இந்த அமைப்பை மாற்ற மறந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஓடிடி செயலிகளில் வேறொரு தடை இருக்கிறது. கட்டணத் தளங்கள் பல, கருவியில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருந்தால்தான் ஹெச்டி தரத்தில் படத்தை அனுப்பும். எல்3 மட்டும் உள்ள கருவிக்குப் பெரும்பாலும் 480 வரிகளே வந்து சேரும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்கள் பலவும் இந்த இரண்டாம் வகை. டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு) தகவலைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தால் உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துவிடும். எல்3 என்றால், சான்று பெற்ற தனி ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை ஹெச்டிஎம்ஐயில் செருகுவதே தீர்வு. செல்போன் திரையை வைஃபையில் அப்படியே பிரதிபலிப்பதும் படத்தைக் கெடுக்கும். அனுப்பும் வழியில் அது மறுபடி ஒருமுறை சுருக்கப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே முடித்துவிடலாம். ஹெச்டிஎம்ஐயில் வெளிச்சத்தின் அளவு இரண்டு விதமாக வரும்: 16-லிருந்து 235 வரை ("லிமிடெட்"), அல்லது 0-விலிருந்து 255 வரை ("ஃபுல்"). அனுப்பும் பாக்ஸும் வாங்கும் புரொஜெக்டரும் ஒரே விதத்தில் இருக்க வேண்டும். பாக்ஸ் முதல் விதத்தில் அனுப்ப, புரொஜெக்டர் இரண்டாம் விதத்தை எதிர்பார்த்தால் கருப்பெல்லாம் சாம்பலாகும். தலைகீழாக இருந்தால் இருட்டான இடங்கள் ஒரே மையாக அப்பிக்கொள்ளும். இரண்டு பக்கமும் "ஆட்டோ" வேலை செய்யாவிட்டால் இரண்டையும் "லிமிடெட்" என்று வைத்துவிடுங்கள்.

படத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் வந்தது 1973-இல். அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருக்கமான வடிவத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைத் திரை முழுக்க இழுத்தால் அந்நாளைய நாயகியர் எல்லாம் குண்டாகித் தெரிவார்கள். பக்கத்தில் கருப்புப் பட்டை வந்தால் வரட்டும். அதுதான் அந்தப் படத்தின் உண்மையான வடிவம்.

இப்போது மெனு

முதலில் பிக்சர் மோடு. "டைனமிக்", "விவிட்", "பிரைட்" என்ற பெயர்களில் உள்ளவை கடையில் விளக்கு வெளிச்சத்துக்கு நடுவே வாங்குபவர் கண்ணைக் கவர்வதற்கானவை. பாதரச விளக்குள்ள புரொஜெக்டர்களில் பச்சை ஒளியே அதிகம் வெளியாவதால், மிகப் பிரகாசமான மோடில் படம் முழுவதும் பச்சை சாயும். "சினிமா" அல்லது "மூவி" மோடைத் தேர்ந்தெடுங்கள். முதல் பத்து நிமிடம் மங்கலாகவும் சற்று மஞ்சளாகவும் தோன்றும், கண் பழகட்டும்.

அடுத்து பிரைட்னஸ். இதன் பெயர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். இது விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை. கருப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. கூட்டினால் கருப்பு சாம்பலாகும். அதிகம் குறைத்தால் இருட்டில் உள்ள விவரங்கள் புதைந்துவிடும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. அதைக் கண்டுபிடிக்க, கணினியில் 1920×1080 அளவில் முழுக் கருப்புப் படம் ஒன்றை உருவாக்கி, அதன் மேல் நான்கு பட்டைகளை 5, 10, 15, 20 என்ற நிற மதிப்புகளில் (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை) வரைந்து, பென் டிரைவில் ஏற்றிப் புரொஜெக்டரில் திறந்து பாருங்கள். அறையை முழுதும் இருட்டாக்கி, பிரைட்னஸை எல்லாப் பட்டைகளும் மறையும் வரை குறைத்து, பிறகு ஒவ்வொரு எண்ணாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். 20 முதலில் தெரியும், பிறகு 15. 10 என்ற பட்டை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்குத் தெரியும்போது நிறுத்திவிடலாம். பட்டை வரைய வசதி இல்லாதவர்கள், கருப்புத் தலைமுடி இரவின் பின்னணியில் வரும் காட்சியை நிறுத்திவைத்து, முடியின் இழைகள் தெரியத் தொடங்கும் இடத்தைப் பிடித்தால் போதும்.

கான்ட்ராஸ்ட் இதற்கு நேர் எதிர்முனை. வெள்ளை எங்கே முடிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. இதற்கு நான் பயன்படுத்துவது வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி. கல்யாண வீடியோ ஒன்றில், பந்தலுக்கு வெளியே பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை நிற்கும் இடத்தை நிறுத்திவையுங்கள். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டக் கூட்ட வேட்டி பளிச்சிடும்; ஒரு கட்டத்தில் மடிப்புகள் எல்லாம் கரைந்து, இடுப்புக்குக் கீழே வெள்ளைத்தாள் ஒட்டியதுபோல் ஆகிவிடும். அங்கிருந்து மெதுவாகக் குறைத்து, கொசுவத்தின் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு ஒருமுறை பிரைட்னஸுக்குத் திரும்பிச் சரிபாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும்.

கலர் விஷயத்தில் எங்கள் ஊர் மாம்பழம் எனக்குக் கைகொடுத்தது. அப்பா தோப்பில் எடுத்த செந்தூரா மாம்பழங்களின் படம் ஒன்றைத் திரையில் போட்டுக் கலரைக் கூட்டிக்கொண்டே போனேன். செந்தூராவின் காம்புப் பக்கம் செம்மை படர்ந்து, கீழே இறங்க இறங்க மஞ்சளிலும் பச்சையிலும் மெல்லக் கரையும். 70-ஐத் தாண்டியதும் அந்தக் கரைசல் மறைந்து, தோள் முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாகிவிட்டது. "சாயம் போட்ட பழம் மாதிரி இருக்குதுப்பா, குறை" என்றார் அப்பா. 52-க்கு வந்தபோது சிவப்புக்குள் இருந்த சிறுசிறு வெளிர் புள்ளிகள்கூடத் தெரிந்தன. உங்கள் கருவியில் எண் வேறாக இருக்கலாம். பார்க்க வேண்டியது சிவப்புக்குள் ஏற்ற இறக்கம் தெரிகிறதா என்பதையே. நிறச் சாயலை மாற்றும் டின்ட்டைப் பெரும்பாலும் நடுவிலேயே விட்டுவிடலாம்.

சில டிஎல்பி கருவிகளில் பிரில்லியன்ட்கலர் என்ற ஓர் அமைப்பு உண்டு. வெள்ளையை மட்டும் தனியாகப் பிரகாசமாக்குவதால், அதை உச்சத்தில் வைத்தால் வெள்ளைக்கு அருகில் மற்ற நிறங்கள் சோர்ந்து தெரியும். இருட்டறையில் அதைக் குறைத்தே வையுங்கள்.

கலர் டெம்பரேச்சருக்கு அளவுகோல் 6500 கெல்வின். படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் இந்த வெள்ளையை அடிப்படையாக வைத்தே தயாரிக்கப்படுகின்றன. மெனுவில் எண் இருந்தால் 6500 என்று வையுங்கள். சொற்கள் மட்டும் இருந்தால் "வார்ம்" அதற்கு நெருங்கிவரும். சரிபார்க்க எளிய வழி, பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போடுவது. அதில் நிறமே கிடையாது. ஆகவே நீலமோ பச்சையோ சிவப்போ தெரிந்தால் அது உங்கள் கருவியிலிருந்தோ சுவரிலிருந்தோ வந்ததாகவே இருக்கும். வண்ணப் படத்தில் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் பிடிபடாத சாயல், கருப்பு வெள்ளையில் ஒரு நொடியில் பிடிபடும்.

காமா என்பது கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிழல்களின் ஏற்றம். முழு இருட்டறைக்கு 2.4, சிறிது வெளிச்சம் உள்ள அறைக்கு 2.2. எண்ணைக் குறைத்தால் இடைநிழல்கள் வெளுக்கும்.

ஷார்ப்னஸைக் கூட்டினால் படம் தெளியும் என்பது பரவலான நம்பிக்கை. அது இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. எழுத்தைச் சுற்றியும் முகத்தைச் சுற்றியும் வெள்ளைக் கோடு ஒன்றை வரைகிறது. சப்டைட்டில் எழுத்தின் ஓரத்தைச் சுவருக்கு அருகில் போய்ப் பார்த்து, அந்தக் கோடு மறையும் வரை குறையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைனமிக் கான்ட்ராஸ்ட் காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை ஏற்றி இறக்குவதால் அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுவது. மோஷன் ஸ்மூத்திங் இடையில் புதிய சட்டங்களைச் செயற்கையாகச் செருகி, படத்தை நாடகத் தொடர்போல் ஆக்கிவிடும். சினிமாவுக்கு அது வேண்டாம். கிரிக்கெட்டுக்குக் குறைந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளுக்கு கேம் மோடு போட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறையும்.

ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சுள்ள பட முறை, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது அதற்கு மேற்பட்ட உச்ச வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. நம் சுவரில் இருப்பதோ 46 நிட். பெட்டியின் மேல் "ஹெச்டிஆர் சப்போர்ட்" என்றிருப்பது, அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் உறுதி எதையும் தருவதில்லை. படம் அளவுக்கு மீறி இருண்டு தெரிந்தால், ஸ்டிக்கின் மெனுவில் ஹெச்டிஆரை அணைத்து எஸ்டிஆராக (வழக்கமான வீச்சில்) அனுப்பச் சொல்லுங்கள். சிறிய கருவிகளில் இதுவே நல்ல படம் தரும்.

எல்லாம் முடிந்ததும் மெனுப் பக்கங்களைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கிரிக்கெட் பார்க்கும் பழக்கம் இருந்தால், அதற்கு வேறொரு மோடைத் தனியாகச் சரிசெய்து வைப்பது நல்லது. இரவுக்காகச் செய்ததைப் பகலுக்காகக் கலைக்க வேண்டியிராது.

தூசி, வெயில், மின்சாரம்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் கிரானைட் குவாரிகளும் அறுவைப் பட்டறைகளும் லாரிப் போக்குவரத்தும் உண்டு. அந்தப் பொடி காற்றோடு கருவிக்குள் புகுந்தால் முதலில் காற்று வடிகட்டியும் (ஃபில்டர்) பின்னர் படமும் பாதிக்கப்படும். இருண்ட காட்சியில் ஒரே இடத்தில் கலங்கிய வட்டப் பொட்டு ஒன்று தெரிந்தால், எல்சிடி பேனலின் மேல் தூசி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்; அதை வீட்டில் பிரிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது பாதுகாப்பு. அப்படி ஆகாமலிருக்க, ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றி மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். லென்ஸைத் துடைக்க, முதலில் ரப்பர் பம்பால் ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். வேட்டி நுனி, சட்டை நுனி கூடாது; பொடியோடு சேர்த்துத் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

பல கருவிகளுக்கு 35 அல்லது 40 டிகிரி வரைதான் அனுமதி என்று கையேட்டிலேயே இருக்கும். மே மாதத்தில் தார்சு வீட்டின் மேல்மாடி அறை மாலையிலும் அந்த எல்லையைத் தொட்டு நிற்கும். காற்றுப் போக இரண்டு பக்கமும் ஓரடி இடம் விடுங்கள். ஈகோ மோடில் ஓட்டினால் வெப்பமும் விசிறிச் சத்தமும் குறையும். விளக்குள்ள கருவியாக இருந்தால் யுபிஎஸ் போடுவது அவசியம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விசிறியும் நின்று, விளக்கின் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். விளக்கின் ஆயுளாகச் சொல்லப்படும் மணிக்கணக்கு, அதன் வெளிச்சம் பாதியாகும் வரையிலான காலம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வேட்டிச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.

மொட்டை மாடியில்

கோடையில் பலரும் மாடிக்குக் கொண்டுபோவார்கள். மே மாதத்தில் பொழுது 6.40 மணியளவில் சாய்ந்தாலும் வானத்து வெளிச்சம் வடிய 7.15 ஆகும், அதற்கு முன் போட்டுவிட்டு மெனுவைக் கலைக்க வேண்டாம். ஒற்றை வேட்டியைத் திரையாகக் கட்டினால் வெளிச்சத்தில் ஒரு பகுதி துணியைத் துளைத்துப் பின்னால் போய்விடும். இரட்டையாக மடித்து, பின்புறம் கருப்புத் துணி ஒன்றையும் சேர்த்து, நான்கு பக்கமும் கயிற்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கீழ் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியைச் செருகினால் காற்றுக்கு அலையாது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் திரண்டு லென்ஸை நோக்கியே வரும். அன்று மாடியைத் தவிர்த்துவிடுவது நல்லது. காற்றுத் துளைக்குள் ஈசல் புகுந்தால் அதன் இறகு விசிறியில் சிக்கும். படம் முடிந்ததும் ரிமோட்டில் அணைத்து, விசிறி தானாக நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காமல் காத்திருந்து, கருவியின் மேல் கை வைத்துச் சூடு ஆறியிருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு கீழே எடுத்துச் செல்லுங்கள்.